ராட்வீலர், பிட்புல்லுக்கு தடை: கடி நிற்குமா?

சென்னை:
ஆயிரம் விளக்கு மாநகராட்சி பூங்காவில் 2024 மே மாதம் கட்டாமல் விடப்பட்ட 2 ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியை கடித்து குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் பலியானார்.

23 வகை நாய்களுக்கு தடை போடச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை, கர்நாடக ஐகோர்ட்டு அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது.

இந்த நிலையில், இந்த 2 இனங்களுக்கும் புது லைசென்ஸ் கிடையாது என்று 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி அறிவித்தது. ஏற்கனவே வளர்ப்பவர்கள் நாயை வெளியே கூட்டி வந்தால் கயிறும் வாய்மூடியும் கட்டாயம். மீறினால் ரூ.1 லட்சம் அபராதம்.

தடையால் புது நாய் வருவது குறையும். ஆனால் வீட்டில் ஏற்கனவே இருக்கிற நாய்? அதுக்கு வாய்மூடி போடுவது ஓனர் கையில்தான். அபராதத்தை கறாரா வசூலிச்சா தான் பிள்ளைகளை நம்பி பூங்காவுக்கு அனுப்ப முடியும்.