நீலியும் நெமிலிச்சேரிப் பிள்ளையும்

உங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிறானா? கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதுகிறானா? "காதல் கடிதமாக இருந்தால் கூடப் பரவாயில்லையே!" என்று அங்கலாய்த்த ஒரு தாயாரைச் சமீபத்தில் சந்தித்தேன்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறி, ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் எல்லாம் தாண்டினால் நெமிலிச்சேரி வரும். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் இருக்கிறார். நான் போய் உட்கார்ந்ததும் காபி வரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம்தான் வந்தது.

"நீயே படிச்சுப் பாரும்மா. எப்படி இருந்த பிள்ளை, என்ன எழுதி வச்சிருக்கான் பாரு. பழைய பேப்பர்காரன் வந்தா எடைக்குப் போட்டுடப் போறேன்."

பிரித்தேன். பாழடைந்த கோட்டை. மூடுபனி. நடுநிசியில் தானாக அடிக்கும் மாதா கோயில் மணி. ரத்தம் குடிக்கும் ஒரு பிரபு. பக்கத்துக்குப் பக்கம் வெட்டு, குத்து, அலறல்! இருபது வயதுப் பிள்ளை தானே சொந்தமாக உருவாக்க நினைக்கும் ஒரு வீடியோ விளையாட்டுக்குப் போட்ட திட்டம் அது.

வீடியோ விளையாட்டு என்றால் பந்து தட்டுவதும் கார் ஓட்டுவதும் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சினிமாவில் கதாநாயகி இருட்டு அறைக்குள் போகிறாள்; "போகாதேடி!" என்று நாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி பதறுகிறோம் அல்லவா? விளையாட்டில் அந்தக் கதவைத் திறப்பதே நாம்தான். பயம் இரட்டிப்பாவதில் ஆச்சரியம் என்ன?

இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் 'கோதிக்' என்பார்கள். ஹோரஸ் வால்போல் என்ற இங்கிலாந்துக்காரர் 1764-ல் எழுதிய ஒரு கோட்டைக் கதையோடு இது ஆரம்பித்தது. 1818-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தது. அதை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்குப் பதினெட்டு வயது! 1897-ல் டிராகுலா வந்தான். 1986-ல் ஜப்பானியர் அவனுடைய கோட்டையை 'காசில்வேனியா' என்ற விளையாட்டாக்கினார்கள். 2015-ல் வந்த 'பிளட்போர்ன்' விளையாட்டின் பரம ரசிகனாம் நம் நெமிலிச்சேரிப் பிள்ளை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. எட்டாவது படிக்கிற இவ அந்த நோட்டை எடுத்துப் படிச்சுட்டா. நாலு நாளா லைட்டை அணைக்க விடமாட்டேங்கிறா" என்று அக்கா மகளைக் காட்டினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது.

அக்காவின் கோபம் நியாயமானதுதான். பெரியவர்களுக்கென்று எழுதியதைப் பெரியவர்கள்தான் படிக்கவேண்டும். அமெரிக்காவில் 1994 முதலும், ஐரோப்பாவில் 2003 முதலும் விளையாட்டுகளுக்கு வயது முத்திரை குத்துகிறார்கள். ஐரோப்பிய முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று எண்ணே இருக்கும். 18 என்று கண்டால், மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருப்பதை மதிப்பதுபோல் மதியுங்கள், சகோதரிகளே. அது விளம்பரம் அல்ல, எச்சரிக்கை.

பிள்ளையைக் கூப்பிட்டேன். "வாங்கக்கா" என்றான். அம்மாவுக்கு நான் தங்கை. பிள்ளைக்கு நான் அக்கா. இந்தக் காலத்து உறவுமுறை அப்படி!

"தம்பி, கோட்டை, மூடுபனி என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, இதை எங்கே பார்த்தாய்?"

"எங்கேயும் பார்த்ததில்லைக்கா. விளையாட்டிலேதான்."

"முதல் பத்துப் பக்கத்துக்குள் மூன்று பெண்கள் சாகிறார்களே, அவர்கள் பெயர் என்ன?"

பிள்ளை விழித்தான். பிரபுவுக்குப் பெயர் இருந்தது. அவன் வாளுக்குக்கூடப் பெயர் இருந்தது. செத்துப்போன பெண்களுக்கு மட்டும் இல்லை.

"உன் வீட்டு ஸ்டேஷனில் ரயில் ஏறி, அரக்கோணத்துக்கு முன்னால் திருவாலங்காட்டில் இறங்கு. பக்கத்திலே பழையனூர். அங்கே நடந்த கதை தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாதாம்.

வாசக சகோதரிகளில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் தன் மனைவியைக் காட்டு வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வியாபாரியாகிறான். அவள் நீலி என்னும் பேயாகிறாள். அவன் பழையனூருக்கு வரும்போது, அவன் மனைவியின் உருவத்தில், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்குக்கு நிற்கிறாள். "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்" என்று அழுகிறாள். "இவள் பேய்!" என்று அவன் அலறுகிறான். ஊர் வேளாளர் எழுபது பேர் கூடி அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். "உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று அவனுக்கு வாக்களித்து, கையிலிருந்த கத்தியையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

பாடத்துக்குப் பாடம் கதை கொஞ்சம் மாறும். ஆனால் மிகப் பழைய கதை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உண்டு. அதே திருவாலங்காட்டில்தான், அழகைத் துறந்து பேய் வடிவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் இறைவன் ஆடும் சுடுகாட்டைப் பாடினார். பேயும் சுடுகாடும் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழே சமைக்கின்றன!

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "அக்கா, விளையாடுறவன் அந்த எழுபது பேர்ல ஒருத்தனா இருந்தா எப்படி இருக்கும்? யார் சொல்றது நிஜம்னு அவன்தான் முடிவு பண்ணணும். கத்தியை வாங்கலாமா வேண்டாமான்னு அவன்தான் யோசிக்கணும்!"

அதுவரை பேசாமல் இருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "இது எங்க ஆயா சொன்ன கதையாச்சே. நீலிக் கண்ணீர்னு சொல்றோமே, அந்த நீலிதானே இவ?"

அவளேதான்! யோசித்துப் பாருங்கள். பெண்பிள்ளை அழுதால் "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று அதட்டுகிறோம். பழையனூரில் நீலி அழுதது நடிப்புத்தான். அவளால் எழுபது நிரபராதிகள் மாண்டதும் கொடுமைதான். ஆனால் அதற்கு முந்தின பிறவியில், காட்டு வழியில் கட்டிய புருஷனே கொல்ல வந்தபோது அவள் அழுதிருப்பாளே, அந்தக் கண்ணீர் பொய்யா? அதைக் கேட்க ஒரு ஊர்க்கூட்டமும் கூடவில்லை. பேயாக வந்த பிறகுதான் அவளுக்கு வழக்காட ஓர் இடம் கிடைத்தது. நாமோ அந்த முதல் அழுகையை மறந்துவிட்டோம். இரண்டாவதை மட்டும் பழமொழியாக்கிக்கொண்டோம்.

திகில் கதையை எடைபோட எனக்குத் தெரிந்த தராசு இதுதான். அதில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். சாகிறவளுக்கு ஒரு பெயரும், ஒரு துயரமும், கேட்க ஒரு செவியும் அதில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது கதை. இல்லையென்றால் வெறும் வெட்டுக்கடைதான். அதைப் பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும் என்ன, எண்பது வயதானவர்களுக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

"இதெல்லாம் பிழைப்புக்கு ஆகுமா?" என்று அக்கா கேட்டார். உத்தரவாதம் யார் தரமுடியும்? ஆனால் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாயின் சமையலறையை வைத்து, டொராண்டோவில் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். 2023-ல் வந்தது. இட்லியும் புட்டும் அதில் விளையாட்டு! 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கானது, அதற்குக் கிடைத்தது. இந்தியாவிலேயே 'ஃபியர்ஸ் டு ஃபாத்தம்' என்ற திகில் விளையாட்டு 2021 முதல் நம் தொடர்கதைகளைப் போலப் பாகம் பாகமாக வந்தது. படிப்பை விடவேண்டாம், படித்துக்கொண்டே செய்து பார்க்கட்டும் என்றேன்.

பழைய பேப்பர்க் கட்டின் மேல் இருந்த நோட்டுப் புத்தகத்தை அக்கா எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவரிடம். எழுதவேண்டுமானால் பிள்ளை கேட்டு வாங்கவேண்டும், எழுதியதை அம்மா படிப்பார், தங்கை தொடக்கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

பத்து நாள் கழித்து அக்கா ஃபோன் செய்தார். மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாளாம். அந்த மூன்று பெண்களுக்கும் பெயர் வைத்தாகிவிட்டதாம்.

"அப்புறம் ஒண்ணும்மா," என்று குரலைத் தாழ்த்தினார். "நேத்து அவன் சாவி கேக்கவே இல்லை. அடுத்தது எப்போடா எழுதுவேன்னு நானே போய்க் கேட்டுட்டேன்!"