கையொப்பம் மறுக்கப்படும்போது கணக்குப் பயிற்சி என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் ஊராட்சிச் செயலர்களுக்கும் தலைவர்களுக்கும் நிதி நிர்வாகப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பதிவேடு, தணிக்கை, இணையவழிப் பணப்பட்டுவாடா என்று பாடங்கள் நீள்கின்றன. அவை தேவையே. ஆயினும் ஊராட்சியின் கணக்கு சாதிக்கு வெளியே எழுதப்படுவதில்லை.

1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாது. முறைகேட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் பலவற்றில் இதுவே ஆதிக்கச் சாதியினரின் கடிவாளமாயிற்று. வார்டு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்தால், குடிநீர் மோட்டார் பழுதும் தூய்மைப் பணியாளர் ஊதியமும் நிலுவையில் நிற்கும். பழி மட்டும் தலைவர்மீது விழும்.

இன்று கையொப்பம் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. தலைவரின் கையொப்பக் கருவியும் கடவுச்சொல்லும் வேறொருவர் கையிலிருந்தால், பதவி பெயரளவில் மட்டுமே எஞ்சும்.

ஊராட்சிப் பொறுப்பிலுள்ள பட்டியல் சாதியினரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்) படி குற்றம். நிதிப் பயிற்சியின் முதல் பாடத்திலேயே இப்பிரிவு இடம்பெற வேண்டும். கையொப்ப மறுப்பை எழுத்தில் பதிவுசெய்யவும், மாவட்ட ஆட்சியருக்கு முறையிடவும் கற்றுத்தர வேண்டும். கருவியைத் தலைவரே இயக்கப் பழக்க வேண்டும். அண்டை ஊராட்சிகளின் தலித் தலைவர்கள் ஒன்றுகூடி அனுபவம் பகிரவும் வழி வேண்டும். தனித்து நிற்பவரை மிரட்டுவது எளிது.

வரவும் செலவும் எழுதத் தெரிவது திறன். செலவிடும் உரிமையைக் காத்துக்கொள்வதே அதிகாரம்.