ஒத்துப்போவது சுலபமா?

'ஜாக்கி அண்ட் ராய்' என்ற அமெரிக்கத் தம்பதியின் ஜாஸ் பாட்டை, "இதமாக இருக்கிறது, ஆழமில்லை" என்று சில மேதாவிகள் ஒதுக்கிவிடுகிறார்கள். சார்லி வென்ச்சுரா குழுவில் அவர்கள் பாடியதை இவர்கள் கேட்டதுண்டா? சொல்லே இல்லாமல், வேகமான மெட்டில், இரண்டு குரலும் ஒரே வாத்தியம்போல் ஓடும். ஒருவர் இம்மி பிசகினாலும் இருவர் மானமும் போய்விடும். 1949-ல் மணந்துகொண்ட ஜாக்கி கெய்னும், பியானோ வாசித்துக்கொண்டே பாடும் ராய் க்ராலும், 2002-ல் ராய் காலமாகும்வரை சேர்ந்தே பாடிவந்தார்கள். கண்ணீரும் சண்டையும் இருந்தால்தான் ஆழம் என்பது நம் கதாசிரியர்கள் பலருடைய கட்சியும்கூட. பிரிவதற்கு ஒருவர் மனம் வைத்தால் போதும், ஐயா! ஐம்பது வருஷம் சுருதி விலகாமலிருக்க இருவரும் தினமும் பாடுபட வேண்டும். எது சுலபம்? மேதாவிகளே சொல்லட்டும்.