பேருந்தில் இடம் வாங்கித் தந்த பட்டிவீரன்பட்டிக்காரர்

கொடைக்கானலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் எதிர்ப்படும். கோக்கர்ஸ் வாக், லெஃப்டினன்ட் கோக்கரை நினைவூட்டுகிறது. பிரையண்ட் பூங்கா ஒரு வனத்துறை அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1863-இல் ஏரி உருவாகக் காரணமான வெரே லெவிஞ்ச், மதுரைக் கலெக்டராக இருந்தவர். வத்தலகுண்டுப் பக்கமிருந்து மலையேறும் சாலைக்கும் மேஜர் லா என்பவரின் பெயர்தான். அவர்கள் செய்த வேலையை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அதே பழனி மலையின் அடிவாரத்தில் பிறந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனின் பெயரைத் தேடினால், சென்னை தியாகராய நகரின் கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்லும் சௌந்தரபாண்டியனார் அங்காடி அவர் பெயரில் அமைந்தது. அங்கே துணி எடுக்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

வத்தலகுண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் வழியாகப் பெரும்பாறை ஏறினால் தாண்டிக்குடி வரும். காப்பியும் ஏலக்காயும் மிளகும் விளையும் கீழ்ப்பழனி மலை இது. இந்த மலைத் தோட்டங்களின் விளைச்சல் இறங்கி வந்து விலையாகும் ஊர் பட்டிவீரன்பட்டி. அங்கே 1893 செப்டம்பர் 15 அன்று, வசதியான நாடார் குடும்பத்தில் பிறந்தவர் சௌந்தரபாண்டியன். தோட்டத்தையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவரோ நீதிக்கட்சிக்கும் நாடார் மகாஜன சங்கத்துக்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் உழைத்தார். சட்டமன்ற மேலவைக்கும் போனார். 1953 பிப்ரவரி 22 அன்று காலமானார்.

இத்தனை பொறுப்புகளிலும் நினைவில் நிறுத்த வேண்டியது, அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது செய்த ஒரு காரியம்.

அந்தக் காலத்தில் தனியார் பேருந்து முதலாளிகள் பலர் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். காசு கொடுத்தாலும் டிக்கெட் கிடையாது. பேருந்துக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஜில்லா போர்டிடம் இருந்தது. சௌந்தரபாண்டியன் அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தார். யாரையும் சாதி சொல்லி இறக்கிவிடக் கூடாது, மீறினால் உரிமம் ரத்து என்று உத்தரவிட்டார். புதுச் சட்டம் எதையும் அவர் கேட்கவில்லை. மேஜை மேல் ஏற்கெனவே இருந்த அதிகாரமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த உத்தரவின் எடை புரிய, அவர் பிறந்த சமூகத்தின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மேல் வழக்குப் போடப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899-இல், நாடார்களுக்கு எதிரான சிவகாசிக் கலவரம். கதவடைப்பின் வலி அறிந்த சமூகங்கள் எல்லாமே தமக்குக் கீழே தள்ளப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகச் சரித்திரம் சொல்லவில்லை. சௌந்தரபாண்டியன் திறந்தார். அதனால்தான் அவரை ஒரு சாதியின் தலைவராக மட்டும் சுருக்கி, ஆண்டுக்கொரு மாலையோடு முடித்துக்கொள்வது சரியல்ல.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், விதவைகளுக்கு மறுமண உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. சாதிச் சங்கத்தை நடத்திய மனிதரே தன் பெயரிலிருந்த ‘நாடார்’ பட்டத்தைக் கழற்றி வைத்தார்.

இந்தச் சேதிகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவை சிற்றூர்ப் பத்திரிகைகள். முன்பு ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார், 1925 மே 2 அன்று அதே ஊரில் ‘குடிஅரசு’ வார இதழைத் தொடங்கினார். அருப்புக்கோட்டையில் முத்து நாடார் 1919 முதல் ‘நாடார் குல மித்திரன்’ நடத்தினார். அந்த ஊர் அன்று ராமநாதபுரம் ஜில்லாவில், சௌந்தரபாண்டியனின் போர்டு எல்லைக்குள்ளேயே இருந்தது. மாநாட்டுத் தீர்மானமும் மேடைப் பேச்சும் கோப்புக்குள் புதைந்துவிடாமல், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கடைக்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன.

இன்றைய நிலை வேறு. ஜில்லா போர்டுகள் 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மறைந்தன. பேருந்து உரிமமும் உள்ளாட்சியின் கையில் இல்லை. திண்டுக்கல் உள்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காத நிலையில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தாண்டிக்குடியில் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரிடம் போய்ச் சண்டை போடும் உரிமைகூட அப்போது இல்லாமல் போகிறது. சௌந்தரபாண்டியனை மதிக்கிறோம் என்று சொல்லும் கட்சிகள், உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும்போது அவரை நினைத்துப் பார்ப்பதில்லை.

அவருக்குச் சிலைகளை விடப் பொருத்தமான மரியாதைகள் இருக்கின்றன. வத்தலகுண்டுப் பேருந்து நிலையத்தில், கொடைக்கானலுக்கும் தாண்டிக்குடிக்கும் வண்டி ஏற வருகிறவர்கள் கண்ணில் படும்படி, அந்தப் பேருந்து உத்தரவின் கதையை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். திண்டுக்கல், ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டப் பள்ளிகளில் உள்ளூர் வரலாறாகவே அதைச் சொல்லித்தரலாம். அக்காலச் சிற்றூர்ப் பத்திரிகைகளின் இதழ்களைத் தேடி எடுத்து, யாரும் இணையத்தில் படிக்கும்படி ஒரே இடத்தில் சேர்க்கலாம். அவருடைய பிறந்த நாள் அண்ணாவின் பிறந்த நாளோடு ஒன்றாக வந்துவிடுவதால், செப்டம்பர் 15 கொண்டாட்டங்களில் இவர் பெயர் அடிபடுவது அபூர்வம். செங்கல்பட்டு மாநாட்டின் நூற்றாண்டு 2029 பிப்ரவரியில் வருகிறது. தமிழக அரசும் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகமும் அதற்குள் இந்த வேலைகளை முடிக்க இப்போதே ஒரு குழுவை அமைக்க வேண்டும்.