பெட்டி கட்டும் முன் ஒரு ஃபைல் கட்டுங்கள்

வெளிநாட்டுப் பள்ளியில் வேலை உறுதியாகிவிட்டது என்று தெரிந்தால் போதும், அன்றைக்கே வீட்டில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அத்தை பருப்புப் பொடி தருவார், சித்தி வடகம் தருவார். விமானத்தில் அனுமதிப்பதோ 20 முதல் 30 கிலோ வரைதான். அதில் எதை வைப்பது, எதை விடுவது?

தமிழ்நாடு, கேரள ஆசிரியர்கள் பல ஆண்டுகளாக மாலத்தீவுப் பள்ளிகளில் பாடம் நடத்தி வருகிறார்கள். அங்கே பாடம் ஆங்கில வழியில்தான். வளைகுடா நாடுகளின் பள்ளிகளுக்கும் பலர் போகிறார்கள். வில்லியனூரிலோ பாகூரிலோ பி.எட். முடித்துவிட்டு இப்படிக் கிளம்புகிற பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான்.

முதலில் சான்றிதழ்

நம் பிள்ளைகளில் பலருக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுத் தேர்வுத் துறை தந்தது. பட்டம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தந்தது. அரசு முத்திரை வாங்கப் போகும்போது இரண்டுக்கும் ஒரே அலுவலகமாக இருக்காது. எந்தச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

முத்திரையிலும் வகை உண்டு. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஓமன் போன்ற நாடுகளுக்கு அது போதும். ஐக்கிய அரபு அமீரகம் தன் தூதரக முத்திரையைத் தனியாகக் கேட்கும். போகிற நாடு எது கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அசல் சான்றிதழ்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் துணி வாங்கிக்கொள்ளலாம். பட்டத்தை வாங்க முடியாது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு ஒன்று, நிருபதுங்கவர்மன் ஆட்சியில் அங்கிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே படிப்புச் சொல்லித் தரும் இடத்துக்கு என்ன தருகிறோம் என்பதை எழுதித்தான் கொடுத்தார்கள்.

நீங்களும் எழுத்தில் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில்? தங்கும் இடம் யார் பொறுப்பு? வருடத்துக்கு ஒருமுறை ஊர் வர டிக்கெட் உண்டா? இடையில் வேலையை விட்டால் என்ன ஆகும்? இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏஜென்ட் மூலம் போவதானால், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரசீது அவசியம். ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. பாஸ்போர்ட் சட்டம் 1967-ன்படி உங்கள் பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. ‘எங்களிடமே இருக்கட்டும்’ என்று யாராவது கேட்டால், விசா வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அம்மாவின் பொடி டப்பாக்கள்

பயப்பட வேண்டிய பொருள் ஒன்று சமையலறையிலேயே இருக்கிறது: கசகசா. அமீரகம், சவூதி, கத்தார் போன்ற நாடுகளில் அது போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. தனியாக எடுத்துப் போகாவிட்டாலும், குருமாவுக்கு வறுத்து அரைத்த பொடியில் சேர்ந்திருக்கலாம். அனுப்பும் பொடியில் என்னென்ன போட்டோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டு டப்பாவை மூடுங்கள்.

வலி மாத்திரை, இருமல் மருந்து விஷயமும் இப்படித்தான். டிரமடால், கோடீன் கலந்தவற்றுக்கு வளைகுடாவில் கடும் கட்டுப்பாடு உண்டு. தினமும் சாப்பிடும் மாத்திரை என்றால், மருந்தின் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, பிரிக்காத அட்டையாகக் கொண்டு போங்கள்.

கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும் என்று விமானத்தில் தடுக்கிறார்கள். ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்.

மாலத்தீவுக்கு அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம். 1981-ல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டையெல்லாம் இந்தியாவிலிருந்தே அங்கே போகின்றன. மீனுக்கும் தேங்காய்க்கும் குறைவில்லை. நாம் சொல்லும் மாசிக் கருவாடே அந்தப் பக்கத்துச் சரக்குதான். காய்கறிதான் விலை அதிகம். வற்றலும் வடகமும் போட்டுக் கொடுத்தால் உதவும்.

சாமி படமும் வகுப்புப் பொம்மையும்

வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுச் சுங்கத் துறை அனுமதிப்பதில்லை. திருக்காமீஸ்வரரோ வில்லியனூர் மாதாவோ, போனில் ஒரு படம் வைத்துக்கொண்டால் போதும்.

வகுப்புக்கு ஏதாவது கொண்டு போக ஆசையா? வில்லியனூர் சுடுமண் பொம்மைகள் பெயர் பெற்றவை, ஆனால் கனம், உடையும். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள் எடை குறைவு. சாமி உருவம் இல்லாததாகப் பார்த்து இரண்டு எடுத்தால், முதல் நாளே பிள்ளைகளிடம் நம் ஊரைப் பற்றிப் பேசலாம். பாடக் குறிப்பு, பழைய வினாத்தாள் எல்லாம் பென் டிரைவில். கண்ணாடி போடுகிறவர் இன்னொரு ஜோடி.

வீட்டில் விட்டுப் போக வேண்டியது

இதைத்தான் அநேகமாக எல்லாரும் மறக்கிறார்கள். ‘பொண்ணு எங்கே இருக்கு?’ என்று கேட்டால் வீட்டில் ‘மாலத்தீவு’ என்பார்கள். அங்கே இருப்பதோ சுமார் 1,200 தீவுகள். மக்கள் வசிப்பவை மட்டுமே ஏறக்குறைய 200. எந்தத் தீவு? எந்தப் பள்ளி? நான்கு நாள் போன் வராவிட்டால் அப்பா யாரைக் கூப்பிடுவார்?

ஆகவே இரண்டாவது ஃபைல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், சான்றிதழ் இவற்றின் நகல். பள்ளியின் முழு முகவரி, அலுவலகத் தொலைபேசி எண். உடன் வேலை பார்க்கும் ஒருவரின் எண். அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண். போனில் இருந்தால் போதாது. பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், காகிதத்தில் எழுதி, எங்கே வைத்திருக்கிறோம் என்று அம்மாவிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முகவரி மாறினால் வீட்டுக்குச் சொல்லி அந்தத் தாளைத் திருத்தச் சொல்லுங்கள். மாங்காய் நறுக்குவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நகல் எடுக்கும் கடைக்கு இன்றைக்கே போய்விட்டு வாருங்கள்.