வாய்மொழிக் குத்தகை

தென்னங்கன்று ஒன்றை நட்டால் அது காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அடுத்த போகத்தில் நிலம் தன் கையில் இருக்குமோ இராதோ என்று தவிக்கிற குத்தகைக்காரன் தென்னங்கன்று நடுவானா?

தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றில், குத்தகைக்குப் பயிர் செய்யும் குடியானவர் ஒருவருடன் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். யூரியா மட்டும் தெளித்திருந்தார். "குளத்து வண்டல் அடிக்கலாகாதா?" என்று கேட்டோம்.

"யூரியா இந்தப் போகத்துக்கே பேசிவிடும், ஐயா. வண்டல் மூன்று வருஷத்துக்குப் பேசும். அதைக் கேட்க நான் இங்கே இருக்க வேண்டுமே!" என்றார்.

நமக்குச் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1952-ல் ராஜாஜி மந்திரி சபை தஞ்சைக் குத்தகைக்காரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பு அளித்தது. 1955-ல் மற்ற ஜில்லாக்களிலும் குடியானவனை இஷ்டம்போல் வெளியேற்றுவது தடுக்கப்பட்டது. 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யவே 1969-ல் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது.

ஆனால் சட்டத்தின் பலம் ஏற ஏற, நிலச் சொந்தக்காரரின் பயமும் ஏறிற்று. பெயர் பதிவானால் நிலம் திரும்பி வராது என்று எண்ணி, எழுத்தில்லாமல் வாய்வார்த்தையாகவே குத்தகைக்கு விடுகிறார். இரண்டொரு வருஷத்தில் ஆளையும் மாற்றிவிடுகிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டு ஏக்கர் குத்தகை நெல்லை நம்பி ஜீவிக்கும் விதவைகளும் அந்தச் சொந்தக்காரர்களில் உண்டு. நஷ்டப்படுவதென்னவோ மண். காகிதம் இல்லாத குடியானவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பதும் கஷ்டம். 2019-ல் மத்திய சர்க்கார் கொடுக்கத் தொடங்கிய வருஷாந்தர ஆறாயிரம் ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

மேற்கு வங்காளத்தில் 1978 முதல் அதிகாரிகளே கிராமம் கிராமமாகச் சென்று முகாம் போட்டு, பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட வாரக்காரர்களின் பெயரைப் பதிவு செய்தார்கள். அபிஜித் பானர்ஜியும் நண்பர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, அதனால் விளைச்சல் உயர்ந்ததென்று காட்டியது. இங்கே குடியானவன் தானாகப் போய் மனுக் கொடுக்க வேண்டுமானால், கொடுத்த மறுநாள் அவன் எந்த வயலில் உழுவான்?

விடைபெறும்போது அந்தக் குடியானவர் இளநீர் வெட்டித் தந்தார். வீட்டுக் கொல்லையில் நான்கு தென்னைகள் இருந்தன. 1971-ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டத்தினால் அவருடைய தகப்பனாருக்குச் சொந்தமான மனை அது.