தடைச் சட்டம் சேர்த்த கூட்டம்

தம்பி!

தான்யூப் ஆற்றங்கரை நகராம் புடாபெஸ்டிலே, 2025 ஜூன் 28 அன்று நடைபெற்ற ஊர்வலத்தைப் பற்றி எழுதுகிறேன். வானவில் வண்ணக் கொடி தாங்கிய ஊர்வலம். தன்பாலீர்ப்பினரும் திருநரும், 'நாங்களும் இந்நாட்டு மக்களே' என்று கூறி, 1997 முதல் நடந்துவரும் ஊர்வலம்.

சிறு கூட்டமாகத் துவங்கியது. 2008-ல் அவர்கள் மீது முட்டை வீசினர், கல் வீசினர், பெட்ரோல் குண்டும் வீசினர். பிறகு பல ஆண்டுகள் காவல்துறையின் இரும்பு வேலிக்கு நடுவே நடந்தனர். வேலி காவலுக்கா, ஊரார் கண்ணிலிருந்து மறைக்கவா? இரண்டுக்கும் பயன்பட்டது!

2025 மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. குழந்தைகளைக் காக்கவாம்! கலந்துகொண்டால் 2,00,000 ஃபோரிண்ட் வரை அபராதம். நடத்துவோருக்கு ஓராண்டுச் சிறையும் உண்டு. கூட்டத்திலே யார் யார் என்று கண்டறிய, முகமறியும் கருவி!

தடை கொணர்ந்த அரசின் தலைவர் யார் தெரியுமோ? விக்டர் ஓர்பான். 1989 ஜூன் 16 அன்று, அதே நகரத்து மாவீரர் சதுக்கத்திலே, இம்ரே நாகியின் மறு அடக்கத்தின்போது, சோவியத் படையே வெளியேறு என்று முழங்கிய 26 வயது இளைஞர்! திரண்ட மக்களின் தோள்மீதேறி வந்தவர், பிரதமரானபின் மக்கள் திரளத் தடை விதித்தார். நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு பாத்திரம் படைத்தால், மிகை என்று கைகொட்டிச் சிரிப்பர்.

நகரத் தந்தை கெர்கெய் கராச்சோனி என்ன செய்தார்? இது மாநகராட்சி நடத்தும் விடுதலை விழா, இதற்குக் காவல்துறை அனுமதி எதற்கு என்றார். காவல்துறை ஏற்கவில்லை, தடை என்றது. மக்களோ மாநகராட்சி மன்றத்தருகே திரண்டனர். எர்ஷேபெத் பாலத்தின் மீது தலைகள், தலைகள், தலைகளே! முன்னாளிலே பெருங்கூட்டம் என்று பேசப்பட்டது 35,000. இம்முறை ஓரிலக்கத்துக்கும் மேல் என்றனர் நடத்தியோர். காதலிலே இவர்களைப் போன்றவரல்லாதாரும் வந்தனர். பாட்டியர் வந்தனர், பிள்ளைகளைத் தோளிலே சுமந்த பெற்றோர் வந்தனர். இன்று அவர்களின் ஊர்வலத்துக்குத் தடை, நாளை நம் கூட்டத்துக்கு என்பதை உணர்ந்து வந்தவர் பலர். கொடி பிடித்துத் தெருவிலே நடந்த உனக்கு, தம்பி, அதை விளக்கவும் வேண்டுமோ?

ஜூலையிலே காவல்துறை அறிவித்தது: கலந்துகொண்டோர் மீது நடவடிக்கை இல்லை! ஆனால் அக்டோபர் 4 அன்று, பேச் என்னும் தென்புற நகரத்து ஊர்வலத்தின் மீதும் தடை விழுந்தது. அங்கும் நடந்தனர்.